கிளி வாசற்கால்

நவ. 5, புதன்

காலையிலிருந்து மழை. ஷட்டர் மேலே ஒழுகி ஜெராக்ஸ் பேப்பர் ஒரு கட்டு நமுத்துப்போச்சு. மிஷின் தாளைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பாய் சீக்கிரம் கடை சாத்தலாம் என்றார். தாலுகா ஆபீஸ் கூட்டம் விட்டால்தானே.

குடைக்குக் கம்பி போடணும். சார்ஜர். அண்ணிக்கு இஞ்சி (மறந்தாச்சு, திட்டும் வாங்கியாச்சு).

நேற்று 'கிளிவாசல் ரகசியம்' கடைசி அத்தியாயத்தை ஆப்பில் போட்டேன். விடிவதற்குள் கமெண்ட் குவிந்துவிட்டது. 'இந்திரநீலா மேம், அழ வெச்சிட்டீங்க.' 'பார்ட் டூ எப்போ மேம்?' இந்திரநீலா என்கிற பெயருக்குப் பின்னால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஆதார் கார்டு லேமினேஷன் போடுகிற நாற்பத்தொரு வயசு ஜோதி இருப்பது பாய்க்கு மட்டும் தெரியும். கடை கம்ப்யூட்டரில்தானே டைப் அடிக்கிறேன். அவர் ஒரு வரி படித்ததில்லை. "லவ்வு கதைலாம் நமக்கு ஒத்துக்காதும்மா, சுகர் கீது" என்பார்.

ஆயிரம் வருஷத்து ஊரில் பிறந்து, குடவோலைக் கல்வெட்டைத் தினமும் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டு, புதையல் கதை எழுதாமல் வேறென்ன எழுதுவது? படை வருகிறது. சபைக்காரர் ஒருவர் கோயில் நகையைச் செப்புக்குடத்தில் போட்டுத் தன் வீட்டு வாசற்காலுக்குக் கீழே புதைக்கிறார். இந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பையனை மதுமிதா என்று ஒரு ஏழைப்பெண் காதலிக்கிறாள். வில்லன், துரத்தல், பாம்பு. கடைசியில் குடமும் கிடைக்கிறது, புருஷனும் கிடைக்கிறான். எழுதினால் எல்லாம் கிடைக்கும்.

ஒரு கமெண்ட்டை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். 'சுமதி ஹரிணி' என்ற பெயரில்: 'மேடம், அப்படியே எங்க வீடு மாதிரியே இருக்கு. எங்க வாசக்கால்லகூட கிளி இருக்கு!' அஞ்சு நட்சத்திரம்.

இருக்காதா பின்னே. உங்கள் வீட்டைத்தானே எழுதினேன் தாயே. சுமதி, பா.வின் பெண்டாட்டி. ஹரிணி அவர்கள் பெண். பா.வின் முழுப்பெயரை எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், அந்த மரியாதைகூட அவனுக்கு ஜாஸ்தி. கட்டினால் உன்னைத்தான் என்று ஏரிக்கரையில் சத்தியம் பண்ணினவன். "மேஸ்திரி பொண்ணு எங்க வாசப்படி தாண்டக் கூடாது" என்று அவன் அம்மா கத்தினபோது பின்னால் நின்று நகம் கடித்தவன். அந்த வாசற்காலை நிறுத்தின மேஸ்திரியே எங்கப்பாதான். அப்பா வைத்த வாசல், அப்பா பெற்ற பெண்ணுக்கு ஆகாமல் போச்சு.

நவ. 8, சனி

மழை விட்டுப் புழுக்கம். மிஷின் சரியாகிவிட்டது.

பா. கடைக்கு வந்தான்.

ஒரே ஊர், ஒரே பஸ் ஸ்டாண்ட். இத்தனை வருஷம் என்னைப் பார்த்தால் கொடிக்கம்பத்தைப் பார்ப்பான், நாயைப் பார்ப்பான். இன்றைக்கு நேராக வந்து, "ரேஷன் கார்டு ரெண்டு காப்பி. நல்லா கீறியா ஜோதி?"

"கீறேன்."

முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துவிட்டேன். அவன் கவனிக்கவில்லை, பாய் கவனித்தார். தொப்பை போட்டுவிட்டது. மீசைக்கு அடித்த மை உதட்டோரம் வழிந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே. அந்தக் குரலுக்கு ஏன் வயசாகவில்லை என்று எரிச்சல்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். வெகுநேரம். சீ.

நவ. 11, செவ்வாய்

மறுபடி வந்தான். கையில் பொட்டலம். "ஒனக்கு வாயக்கா பஜ்ஜி பிடிக்குமே." ஞாபகம் வைத்திருக்கிறான். அவன் வீட்டு நிலைமை என்னவோ பேசினான். போர்வெல்லில் தண்ணீர் இல்லையாம், ஹரிணிக்குப் பெருநகரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறானாம், நிச்சயத்துக்கு நாள் குறித்தாச்சாம். "மனசு விட்டுப் பேச ஆளே இல்ல ஜோதி." பாய்க்கு இரண்டு பஜ்ஜி கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "எண்ணெ சரியில்லம்மா, பாத்து" என்றார். எண்ணெயைத்தான் சொன்னாரா தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற கன்னியம்மாவிடம் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"இன்னா, தலைல பூலாம் பலமா கீது? வெள்ளிக்கெயமையா இன்னைக்கு?"

"வாடிடும்னு சும்மா குடுத்தாங்க."

"நமக்கு யாரும் சும்மா குட்க்க மாட்டன்றாங்களே."

அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. இந்த வீட்டில் எனக்குப் பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் ஒரு பாய் போடுகிற இடம். அங்கே பூவோடு படுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. டைரியில்கூடப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

நவ. 13, வியாழன்

ஏரி நிரம்பி கலங்கல் வழிகிறது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. பா. சாயங்காலம் வரச் சொன்னான். போனேன். போனது என் புத்தி.

கரையில் சுண்டல் விற்கிறவன், செல்ஃபி எடுக்கிற பெண்கள். கொஞ்சம் தள்ளிப் பனைமரத்துப் பக்கம் நின்றோம். சத்தியம் பண்ணின அதே இடம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்:

"கதைய படிச்சேன். சுமதிதான் டெய்லி படிச்சுக் காட்டும். நீதான எழுதனது?"

"யார் சொன்னா?"

"கிளி மூக்கு."

அந்த வாசற்கால் மேல்கட்டையில் இரண்டு மரக்கிளி. இடது பக்கத்துக் கிளிக்கு மூக்கு கிடையாது. அன்றைக்கு நான் படியில் நின்றபோது அவன் அம்மா விட்டெறிந்த பித்தளைச் சொம்பு என் தலைக்கு மேலே போய்க் கிளியில் பட்டு, அதன் மூக்கு பெயர்ந்தது. ஊருக்குக் கதவு இடித்தது என்று சொல்லி வைத்தார்கள். உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். கதையில் மதுமிதா மேல் அதே சொம்பை எறிய வைத்திருந்தேன். வேறு சொம்பு எனக்குத் தெரியாதே.

மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். "விடு, பழைய கதை" என்று சொல்ல வாயில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன்.

"கிளி மூக்கு நெசம்னா மத்ததும் நெசந்தான?" என்றான்.

"எது?"

"செப்புக்கொடம். எங்க வாசக்கா வெச்சது ஒங்கப்பாதான. குழி நோண்டனவரு அவரு. உள்ள இன்னா பாத்தாரு? ஒங்கிட்ட சொல்லாமயா பூட்டிருப்பாரு?"

ரேஷன் கார்டு, வாழைக்காய் பஜ்ஜி, நல்லா கீறியா ஜோதி. எல்லாம் குடத்துக்கு.

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். கேட்டிருக்கலாம், தேவலை.

நவ. 14, வெள்ளி

கடை திறக்கும்போதே வந்து நின்றான். பாய் தொழுகைக்குப் போகும்வரை பஸ் பார்ப்பது மாதிரி நின்று, அப்புறம் உள்ளே வந்தான்.

சொன்னேன். தெளிவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. கதை. இட்டுக்கட்டினது. குடம் இல்லை, நகை இல்லை, சபைக்காரர் இல்லை. வாசற்கால் ஒன்றுதான் நிஜம்.

சிரித்தான். "உஷாருதான் நீ. செரி, பாதி பாதி."

"பாதி என்ன, முழுசும் நீயே வெச்சிக்கோ. ஒண்ணும் கெடையாது அங்க."

குரலை இறக்கினான். "ஹரிணி கல்யாணம் முடியட்டும். சுமதிய அவங்க அம்மா வூட்ல வுட்டுடறேன். நீ வந்துடு எங்கூட. ஊரு இன்னா வேணா பேசட்டும். இன்னா சொல்ற?"

இதை எழுதக் கை வரவில்லை, எழுதுகிறேன். பதில் சொல்ல நேரமாயிற்று எனக்கு. ஒரே ஒரு 'ஆமாம், இருக்கு' போதும். வாசப்படியைத் தாண்டி உள்ளே போகலாம். பூட்டு சாவி என்னிடம். அண்ணியிடம் இஞ்சிக்குத் திட்டு வாங்க வேண்டாம். தோண்டித் தோண்டி ஒன்றும் இல்லையென்று ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம். மதுமிதாவாக இருந்தால் நூறு அத்தியாயம் இழுத்திருப்பேன்.

"ஒண்ணும் இல்ல. போ" என்றேன்.

போனான். பஜ்ஜி கொண்டு வரவில்லை இன்றைக்கு. அதையும் கவனித்தேன் பார், நாய்ப்பிறப்பு.

நவ. 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கருப்பு வேட்டி, துளசி மாலை.

கன்னியம்மா கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். "விசயம் தெரியுமா? கிளி வூட்டுக்காரன் வாசக்காவ பேத்துட்டான்! பொதையலு கீதாம். பொட்டுத் தங்கம் கெடச்சிடுச்சாம், சனமே அங்கதான் கீது."

"எல்லா வீட்டு வாசக்காலுக்குக் கீழயும்தான் பொட்டுத் தங்கம் இருக்கும். நிலை வைக்கும்போது போடறதுதானே" என்றேன்.

"அத்தத்தான் நானும் சொன்னேன். எங்க வூட்டுக்கே நானு கம்மல் திருகு போட்டேன். அதுக்கு அவன் சொல்றான், மேல பொட்டு இருந்தா கீழ கொடம் இருக்கும்ன்றான்."

அந்தப் பொட்டு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் லீவு, அப்பா கூடப் போயிருந்தேன். குழியில் நவதானியம், பால், ஒரு ரூபாய்க் காசு. அந்த வீட்டம்மா, சொம்பு எறிந்த அதே அம்மா, உடைந்த தோட்டிலிருந்து ஒரு துணுக்கை அப்பா கையில் போட்டாள். அப்பா குனிந்து அதைக் குழியில் வைத்தார். நிமிர்ந்ததும் இரண்டு கையையும் விரித்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டினார். முன்னும் பின்னும். அப்புறம்தான் கலவை போட்டார். எந்த வீட்டிலும் அப்படித்தான். யாரும் கேட்டதில்லை, அவராகக் காட்டுவார். "தங்கம் வெக்கற குழி. நாளைக்கி ஒரு பேச்சு வரக் கூடாது பாரு" என்பார்.

லேமினேஷன் இரண்டைக் கருக்கிவிட்டேன்.

நவ. 19, புதன்

விட்டு விட்டு மழை.

சுமதி வந்தாள் கடைக்கு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. நைட்டி மேல் துண்டு, தலை ஈரம். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"க்கா, நீங்கதான்னு தெரியாம பூட்ச்சு. ரெண்டு வாட்டி படிச்சேன் க்கா. மதுமிதா அந்தப் படில நின்னுகினு அய்வுறால்ல, அங்க நானும் அய்தேன்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் உடைந்துவிட்டாள்.

"வாசக்காவ பேத்து செவுத்துல சாச்சி வெச்சிகீறாரு க்கா. வாசல்ல குழி. மயெத் தண்ணி ரொம்பி கீது. தார்ப்பாய தொங்க வுட்டு கீறோம், நாய் வருது, ஆடு வருது. செவுரு விரிசல் வுட்டுச்சு. வர்ற பொதன்கெயம நிச்சியம். பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காதுன்னு அவங்களே பாத்து வெச்ச நாளு. பையனோட அம்மா நேத்து போன் பண்றாங்க. வாசக்கா பேத்த வூட்ல எந்தப் படி மெதிச்சு தட்டு எட்த்துகினு வர்றது, வேற எடம் பாத்துக்கறோம்ன்றாங்க."

ஹரிணி சாப்பிடவில்லையாம். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் பழக்கம், அப்புறம்தான் வீட்டில் சொன்னார்களாம். அந்தம்மா ஆரம்பத்திலிருந்தே அரை மனசு.

"நாந்தான் க்கா படிச்சுக் காட்டனேன் அவருக்கு. நம்ம வூடு மாதிரி கீது பாருன்னு நாந்தான் சொன்னேன். என் வாயிதான். நீங்க வந்து பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்க க்கா."

சொல்லியாச்சு என்றேன். நாலு பேர் முன்னாடி வந்து சொல்லுங்க என்றாள். சரி என்றேன்.

பா. இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருப்பது இவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நவ. 20, வியாழன்

போனேன். அந்தத் தெருவுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் காலுக்கு. இன்றைக்கு நேராக நடந்தேன்.

வீட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாயில் பல் எல்லாம் விழுந்த கிழவி மாதிரி நிற்கிறது. கிளிகள் தலைகீழாகச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. தாண்டக் கூடாது என்ற வாசப்படியே இல்லை. குழிதான். தாண்டி உள்ளே போக ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். நான் இந்தப் பக்கமே நின்றேன்.

பத்திருபது பேர் வேடிக்கை. எல்லார் முன்னாடியும் சொன்னேன். கதை எழுதினது நான். அத்தனையும் பொய். இருப்பது அவங்க அம்மா போட்ட தோட்டுத் துணுக்கு, அதுவும் எடுத்தாச்சு. குழியை மூடுங்க.

கூட்டத்தில் ஒரு குரல்: "அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ பதறுது இது?"

பா. குழிக்குள் இடுப்பளவு நின்று மேலே பார்த்தான். "பாதி பத்தலையா ஜோதி? வூட்டுக்கு வா, பேசிக்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள். சுமதியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

இனிமேல் கூடத்துத் தூணுக்குக் கீழே பார்க்கப்போகிறானாம். திருவண்ணாமலைப் பக்கமிருந்து யாரோ தங்கம் தேடுகிற மிஷின் கொண்டு வந்து, அங்கேதான் கூவுகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆணி இருந்தாலும் கூவும் அது. தூணை எடுத்தால் கூரை இறங்கும். யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

ஹரிணி பலகைக்கு அந்தப் பக்கம் போனை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கண், அவன் நெற்றி.

"நீங்கதானா அது" என்றாள். அவ்வளவுதான். அவன் அம்மா எறிந்த சொம்பு பரவாயில்லை.

நவ. 21, வெள்ளி

கதையை ஆப்பிலிருந்து அழித்தேன். நூற்றுப்பன்னிரண்டு அத்தியாயம், ஒரு பட்டன். கை கூசவில்லை, அப்புறம்தான் அழுதேன்.

புண்ணியம்? கன்னியம்மா வந்து சொல்கிறாள்: "அய்ச்சிட்டியாமே கதைய? அப்ப நெசந்தான்னு கிளி வூட்டுக்காரன் தூண சுத்தி குறி போட்டுட்டான்."

பாயிடம் கேட்டேன், உண்மையைச் சொன்னால் ஏன் பாய் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்?

"இல்லன்னு சொன்னா யாரும்மா நம்புவான்? வர்றவனுக்கு இன்னா வேணுமோ அந்த ஜெராக்ஸ்தான கேப்பான்."

பெருநகர்க்காரர்கள் ஞாயிறு சாயங்காலம் வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். வாசற்கால் நின்றால் வருவார்கள், இல்லையென்றால் இல்லை. சுமதி மெசேஜ் போட்டிருக்கிறாள். அழுகிற பொம்மை, கும்பிடுகிற பொம்மை.

இருக்கு என்றாலும் தோண்டுவான். இல்லை என்றாலும் தோண்டுகிறான். நூற்றுப்பன்னிரண்டு அத்தியாயம் எழுதினவளுக்கு இதற்கு ஒரு முடிவு எழுத வராதா என்று காலையிலிருந்து யோசித்தேன். வந்துவிட்டது. வந்த முடிவு எனக்கே பிடிக்கவில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று சாயங்காலம்வரை பார்த்தேன். இல்லை.

அப்பா போட்டோவுக்கு இன்றைக்குப் பூ வைக்கவில்லை.

நவ. 22, சனி

வெயில். பாய் காலையில் லீவு கொடுத்தார்.

போனபோது தூணுக்கு முட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் முந்தாநாளைவிட ஜாஸ்தி, டீக்காரன்கூட வந்துவிட்டான். குழிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகவே சொன்னேன்.

"தோண்டாத. அங்க இல்ல. இருந்துது. எங்கப்பா எடுத்துட்டாரு."

மீதியைச் சொன்னேன். வாசற்கால் வைப்பதற்கு முந்தின நாள் குழி தோண்டும்போது ஒரு செப்புச் செம்பு கிடைத்தது. துண்டில் சுற்றி, மண்வெட்டி கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத் தெரியும். நான்தான் கூடையைத் தூக்கி வந்தேன்.

கூடையை நான் தூக்கினேன் என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை. நன்றாக வரட்டும் என்று சேர்த்தேன். எழுதுகிற புத்தி.

பா. கடப்பாரையைக் கீழே போட்டான். "அதான பாத்தேன்" என்றான். இத்தனை தடவை உண்மை சொன்னேன், சிரித்தான். ஒரே தடவை பொய், ஒரு கேள்வி கேட்கவில்லை. "திருட்டு மேஸ்திரி. கைய கைய விரிச்சுக் காட்டுவான். அப்பவே எங்கம்மாவுக்கு சந்தேகம்."

ஒருவருக்காவது கோபம் வரும் என்று பார்த்தேன். அப்பா கட்டின வீட்டில் குடியிருக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதி. மிச்சமான ஆணியைக்கூடப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுத்தவர் என்று ஒரு வாய் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்கள். பின்னால் ஒரு பொம்பளை, "அதான் அவங்க வூட்ல ஒண்ணும் வெளங்கல. பொதையல் எட்த்த குடும்பம் தயைக்குமா? பாரு, பொண்ணுக்கு ஒரு கல்யாணங்கூட ஆவல."

எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணமானவன் குழிக்கு அந்தப் பக்கம் நின்று அதற்கும் தலையாட்டினான்.

சாயங்காலமே கொத்தனார் வந்துவிட்டாராம்.

நவ. 23, ஞாயிறு

கிளி வாசற்கால் நின்றுவிட்டது. சுமதி போட்டோ அனுப்பியிருக்கிறாள். மஞ்சள், குங்குமம், மாவிலை. புதுக் கொத்தனார் ரசமட்டம் பார்க்கத் தெரியாதவர் போலிருக்கிறது, வலது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. பெருநகர்க்காரர்கள் புதன்கிழமை வருகிறார்களாம். ஹரிணி சாப்பிட்டாளாம்.

போட்டோவுக்குக் கீழே: 'நன்றி அக்கா. கடவுள் மாதிரி.'

கொஞ்ச நேரம் கழித்து: 'அக்கா ஒண்ணு கேக்கட்டுமா. அந்த செம்புல இன்னா இருந்துச்சு?'

போனைக் கவிழ்த்து வைத்தேன். இவளுக்காவது அது பொய்யென்று தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இவளுக்காகத்தானே.

பா. ஆள் விட்டிருக்கிறான். எடுத்தது எங்க வீட்டுச் சொத்து, நியாயமாகப் பாதி வரணும், பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று. மறுபடியும் பாதி. அந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன், பஜ்ஜியோடு வரச் சொல்லுங்கள் என்று. அவருக்குப் புரியவில்லை.

நவ. 24, திங்கள்

அண்ணன் கன்னத்தில் அறைவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்பாவைத் திருடன் என்று தெருவில் கத்தினவள் நான். இரண்டு நாளாக அவன் என் பக்கமே வரவில்லை.

காலையில் அண்ணி எழுப்பினாள். கையில் காபி. கெட்டிப் பால். எனக்கு. "இன்னும் கொஞ்சம் சக்கர போடட்டா ஜோதி?"

மத்தியானம் மீன்குழம்பு. நடுத்துண்டு இரண்டும் என் தட்டில்.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா சாவற அன்னைக்கி ஒங்கிட்ட மட்டும் ஏதோ சொன்னாரு இல்ல? காதுகிட்ட கூப்ட்டு?"

"தண்ணி கேட்டார்."

"அது செரி. அதுக்கு முன்ன?"

"அண்ணா, எல்லாம் பொய். அந்தப் பொண்ணு நிச்சயம் நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். நம்ம அப்பாவை உனக்குத் தெரியாதா?"

பா. சொன்ன அதே தொனியில், "உஷாரா கீற" என்றான்.

மீனைத் தட்டோரம் ஒதுக்கினேன். அண்ணி முள் எடுத்துக் கொடுத்தாள்.

நவ. 26, புதன்

லேசான தூறல். அண்ணன் ரைஸ் மில்லுக்குப் போகவில்லை. என்னையும் கடைக்குப் போக வேண்டாம் என்றான்.

பத்து மணிக்கு அந்தத் தெருவிலிருந்து மேளம். பெருநகர்க்காரர்கள் இறங்கிவிட்டார்கள். அதே நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கடப்பாரை விழுந்தது. எடுத்த செம்பை அப்பா இதற்குக் கீழேதான் வைத்திருப்பார் என்பது அண்ணன் கணக்கு.

அப்பா தன் கையால் கடைசியாக வைத்த வாசற்கால் இது. இதில் கிளியெல்லாம் இல்லை, வேப்பமரம், சும்மா ஒரு தாமரை. பேர்க்காதே என்று கையைப் பிடித்தேன். அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டாள். சுலபமாக வரவில்லை. அப்பா வேலை. மூன்று ஆள் சேர்ந்து நெம்பினார்கள்.

மண்ணைப் புரட்டினதும் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா மூக்குத்தி. நிலை வைத்த அன்றைக்குப் போட வேறு தங்கம் இல்லாமல் அம்மா கழற்றிக் கொடுத்தாள், அப்பா வேண்டாம் வேண்டாம் என்றார். அதையாவது எடுத்துவிடலாம் என்று குழியில் குனிந்து சேற்றைத் துழாவினேன். கிடைக்கவில்லை. வெறும் மண்.

"இன்னா எட்த்த?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் இல்ல."

"கைய காட்டு ஜோதி" என்றான் அண்ணன்.

விரித்துக் காட்டினேன். முன்னும் பின்னும்.